மூன்றாம் சுருளில் ஒரு வெட்டு

மாலை மணி நாலு. படத்தின் மூன்றாம் சுருளைக் காணோம்.

லண்டன், 1954. தொலைக்காட்சி நிலையத்தின் படத்தொகுப்பு அறையில், காலி டப்பாவைப் பார்த்தபடி நின்றாள் மியூரியல் ஹாடோ. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் மனைவிகளைப் பற்றி ஹல் நகரில் அவள் எடுத்த முதல் ஆவணப்படம். இன்று எட்டு மணிக்கு ஒளிபரப்பு. தவறினால் திங்கட்கிழமை முதல் அவள் பழையபடி ரூபர்ட் லாம்போர்னின் உதவியாளர். மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

படநூலகப் பொறுப்பாளர் எனிட் தாக்லி வந்தாள். போர்க்காலத்தில் போலீஸ் உடுப்பு போட்டவள். அரை மணி நேரத்தில், நடைபாதையில் இருந்த தீயணைப்பு மணல் வாளிகளுக்குப் பின்னாலிருந்து சுருளை இழுத்து எடுத்தாள்.

மியூரியலுக்கு வந்த நிம்மதி, ஓட்டிப் பார்க்கும் வரைதான். திரையில் மீனவனின் மனைவி வாயசைத்தாள். குரல் பின்னால் வந்தது. படம் ஒரு சுருள், ஒலி வேறு சுருள். இரண்டும் ஒன்றாய் ஓட வேண்டும். படத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

எனிட் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். கணவனின் காலி நாற்காலி வரும் இடத்தில், யாரோ படத்தை வெட்டி ஒட்டிய புது ஒட்டு. பசை வாசம் இன்னும் போகவில்லை.

மதியம் இந்த மாடியில் இருந்தவர்கள் இரண்டே பேர். இருவருக்கும் வயிற்றெரிச்சல். படத்தொகுப்பாளன் சிட் பாஸ்க், இயக்குநர் பதவிக்கு மனுப் போட்டுத் தோற்றவன். லாம்போர்ன் மூத்த இயக்குநர். அவருடைய படத்தைத் தள்ளிவைத்துத்தான் மியூரியலுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

சிட் மழுப்பவில்லை. "எரிச்சல் இருக்கு மேடம். தினமும் டீயில கலந்து குடிக்கிறேன். ஆனா சுருளைத் தொடல."

லாம்போர்ன் பழியை சிட் பக்கம் நகர்த்தினார். "வெட்டுறது யாரு வேலை? இந்தக் காலத்து மெஷினெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் கத்தரி பிடிச்சப்ப படம் பேசவே பேசாது. தவிர, இந்தப் பொண்ணுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததே நான். அவ படத்தை நான் ஏன் கெடுக்கணும்?"

"கெடுக்கலையே சார்," என்றாள் எனிட்.

மூவரையும் ஒட்டின் முன் நிறுத்தினாள். "கெடுக்க வந்தவன் கண்ட இடத்துல கிழிச்சிருப்பான். இது மயிரிழை பிசகாத வேலை. நாற்காலி ரொம்ப நேரம் நிக்குதுன்னு பொறுக்காம வெட்டியிருக்காங்க. சிட் வெட்டியிருந்தா, அவன் கை தானாவே ஒலியிலயும் அதே நீளம் வெட்டியிருக்கும். கூடவே ஒலி ஓடுதுன்னு மறந்தது, பேசாத படத்துல பழகின கை. உங்க கை, சார்."

லாம்போர்ன் சட்டைப் பையிலிருந்து வெட்டிய படத்துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒளிச்சு வைக்கத்தான் எடுத்தேன். ஒரு தடவை பார்த்துடலாம்னு தோணுச்சு. என் கேமரா முன்னால ஒருத்தரும் இப்படிப் பேசினதில்ல, மியூரியல். அந்த நாற்காலி மட்டும் உறுத்துச்சு. கை நிக்கல."

சிட் பசைப் புட்டியைத் திறந்தான். துண்டைத் திருப்பி ஒட்டிவிட நேரம் இருக்கிறது என்றான்.

மியூரியல் மறுபடி ஓட்டச் சொன்னாள். காலி நாற்காலி வந்தது. கண் அதில் உட்காருவதற்குள் அந்தப் பெண்ணின் முகம். நெஞ்சில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வாரம் உட்கார்ந்தும் அவளுக்குத் தோன்றாத வெட்டு. இப்போது வயிற்றெரிச்சல் அவளுடையது.

"துண்டு வேண்டாம். ஒலியிலயும் அதே நீளம் வெட்டு, சிட்," என்றாள்.

எட்டு மணிக்குப் படம் போயிற்று. முடிந்த கையோடு மேலதிகாரியின் போன். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அந்த நாற்காலியில வெட்டினே பாரு, அதுக்கே உனக்கு அடுத்த படம்."

வாசலில் லாம்போர்ன், ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார்.

மியூரியல் அவரைப் பார்த்தாள். "நன்றி சார்," என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

இந்த இரண்டாவது திருட்டை விசாரிக்கும்படி எனிட்டை யாரும் கேட்கவில்லை.