ஆறு மாதம் அசையாதவர்

காலை பத்து மணிக்கு அக்கா வீட்டு மாடிப்படி ஏறும்போதே டப்பாக்காரி மூக்கைச் சுளித்தாள். ஈரத்துணியைச் சுருட்டி மூட்டைக்குள் வைத்து மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அது. அதற்கு அடியில் இனிப்பாக இன்னொரு வாடை. அந்த இரண்டாவது எதன் வாடை என்று பிடிபடவில்லை.

டப்பாக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அத்தான். லாரி ஓட்டுகிற மனிதர். மாதத்தில் இருபது நாள் அவருக்குச் சாலையில்தான் குடித்தனம். "எல்லாரும் கேமராவுல படம் எடுப்பாங்க, எங்க மச்சினி டப்பாவுல எடுப்பா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேலியென்றாலும் உண்மை. பால்பவுடர் டப்பாவோ பெயின்ட் டப்பாவோ, எது கிடைத்தாலும் அவள் உள்ளே கறுப்படித்து, பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டு, ஒரு போட்டோ காகிதத்தை வளைத்து வைத்து மூடிவிடுவாள். ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் நாள் கணக்கில் காகிதத்தில் ஊறும். மற்றவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுப்பதை அவள் ஆறு மாதம் எடுப்பாள். சூரியன் தினமும் போன வழி ஒவ்வொரு கோடாகப் பதிந்து, முடிவில் வானம் முழுக்க வளையல் அடுக்கியது போல இருக்கும்.

அந்தப் படங்களில் மனிதர்கள் விழமாட்டார்கள். நடக்கிறவர்கள், பேசுகிறவர்கள், வந்து போகிறவர்கள் யாரையும் காகிதம் கண்டுகொள்ளாது. சுவர் பதியும், மரம் பதியும், அசையாமல் கிடப்பது எதுவானாலும் பதியும். அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கு முன்பு அக்காவும் அத்தானும் இந்த மாடிக்குக் குடிவந்த அன்று, படுக்கையறை அலமாரியின் மேல் அவள் ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தாள். எதிரே பெரிய ஜன்னல், அதன் கீழே கட்டில். காலையிலிருந்து மாலைவரை வெயில் கொட்டுகிற அறை. இன்று அதை எடுத்துப்போக வந்திருந்தாள். அடுத்த மாதம் அவளுடைய முதல் கண்காட்சி.

கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் கண்காட்சி மறந்துபோயிற்று. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கை தோளிலிருந்து வழிந்தது.

"என்னக்கா, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"சோறு இறங்க மாட்டேங்குதுடி. வாய்க்குள்ள எப்பவும் ஒரு கொழகொழப்பு. எதைத் தின்னாலும் அதுதான் முன்னாடி வருது."

"வீட்டுல என்ன இப்படி ஒரு வாடை?"

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் வருதா? எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டு இருந்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியல. எலி செத்திருக்கும்ங்கறாரு. பரண் மொத்தத்தையும் இறக்கிப் பாத்துட்டேன். எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

டப்பாக்காரி நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். மூடி இறுகியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். 'ப்ளக்' என்று திறந்தது.

அந்த இரண்டாவது வாடை டப்பாவுக்குள்ளிருந்து முகத்தில் அடித்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்தாள்.

போட்டோ காகிதத்தில் வெளிச்சம் பட்டால் கறுக்கிற மருந்தைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற பசை. ஈரம் பட்டால் ஊறும், பூசணம் பூக்கும். இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். பூசணம் பிடித்த காகிதத்தை வேண்டுமென்றே படமாக்கியும் இருக்கிறாள். ஆனால் இந்தக் காகிதம் வேறு மாதிரி இருந்தது. மேல்பூச்சு பால் ஆடை போலத் திரண்டு வழுக்கியது. பிடித்த இடத்தில் வலது கட்டைவிரல் உள்ளே புதைந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

விரலை உருவி, போட்டிருந்த பேன்ட்டில் மூன்று முறை துடைத்தாள். பிசுபிசுப்பு போகவில்லை.

இந்தக் காகிதத்தை மற்ற படங்களைப் போல மருந்தில் கழுவி நிலைக்கவைக்க முடியாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் படம் கறுத்துப்போகும். அதனால் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்கேனரைக் கூடத்துத் தரையில் வைத்து, உடனே ஒரே ஒரு முறை ஓட்டினாள். மடிக்கணினித் திரையில் படத்தை வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாகத் திருப்பினாள்.

ஜன்னல் வந்தது. அதற்கு வெளியே சூரியனின் வளைகோடுகள், நூற்றுக்கும் மேல். சுவரின் விரிசல் வந்தது. கட்டில் வந்தது. ஆறு மாதம் கலைந்தும் விரிந்தும் கிடந்த போர்வை, பஞ்சுப்பொதி போல மங்கலாகத் தெரிந்தது.

கட்டிலின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மங்கலாக இல்லை. சட்டைப் பொத்தானை எண்ணலாம். கைகள் தொடைமேல். தலை சற்றுக் குனிந்து, தலையணையைப் பார்த்தபடி.

"யாருடி இது?" அக்காவின் குரல் காற்றாக வந்தது.

டப்பாக்காரி அந்த உருவத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

"இதுல விழணும்னா எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"நாள் முழுக்க."

"எத்தனை நாள்?"

"எல்லா நாளும்க்கா."

அக்கா திரையைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள். "அது என் தலையணை. தினமும் காலைல அந்த ஓரம் ஈரமா இருக்கும். என் எச்சில்னு நெனச்சுத் துவைச்சுட்டு இருந்தேன்." கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தூக்கத்துல வாயைத் திறந்து படுப்பேன்டி நான்."

இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். வெயில் பளிச்சென்று இருந்தது. கட்டில் காலியாக இருந்தது. அக்கா விரிப்பை உருவினாள். மெத்தையின் கோடு போட்ட உறை புதிதாகத்தான் தெரிந்தது. ஆனால் தலைமாட்டு ஓரத்தில் தையல் மட்டும் அவசரமாக, கோணலாக ஓடியிருந்தது.

டப்பாக்காரி கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தாள்.

உள்ளே இன்னொரு உறை. பழையது. அதில் பழுப்பாக ஒரு கறை, உட்கார்ந்த மனிதனின் பின்புறமும் தொடைகளும் பதிந்த வடிவத்தில். கறையின் நடுவில் பஞ்சு கட்டிதட்டி, கறுத்து, நூல் நூலாகப் பிசினைக் கக்கிக்கொண்டிருந்தது. அதில் நரைமுடி நாலைந்து ஒட்டியிருந்தது. மஞ்சளாக ஒரு நகமும்.

பழைய கறை என்றால் காய்ந்திருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது.

அக்கா போட்ட கூச்சல் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் ஏறி வந்தார். கையில் பாதி படித்த செய்தித்தாள். பிரிந்து கிடந்த மெத்தையைப் பார்த்ததும் அறை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"சார், கட்டிலும் மெத்தையும் வீட்டோட இருந்ததுதானே? இதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தா?" டப்பாக்காரி கேட்டாள்.

"ஒரு பெரியவர்மா. ஒண்டிக்கட்டை. ரிட்டயர் ஆன கிளார்க். வாயே திறக்க மாட்டார், தங்கமான மனுஷன்."

"எங்க போனார்?"

வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததைத் திரும்ப மடித்தார். "உட்கார்ந்த வாக்குல போயிட்டார். நான் அப்ப மக வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து கதவை உடைக்கறப்ப மூணு மாசம் ஆயிருச்சு."

"மூணு மாசம் இதுமேலயா இருந்தார்?"

"தூக்கறவங்களே ரொம்பச் சிரமப்பட்டாங்க. ஒட்டிக்கிச்சு."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே மெத்தையைத்தான் எங்களுக்குக் குடுத்தீங்களா?"

"புதுத் துணி போட்டுத் தச்சுத்தானேம்மா குடுத்தேன். ஒரு வாரம் மொட்டைமாடி வெயில்ல காயப்போட்டேன். சுத்தமான இலவம்பஞ்சு. தூக்கிப் போட மனசு வரல." அவர் முகத்தில் வெட்கம் இல்லை. நல்ல பொருளை வீணாக்காத திருப்திதான் இருந்தது.

அக்கா அவர் காலடியிலேயே வாந்தியெடுத்தாள். வெளியே வந்தது வெறும் கோழை. வெள்ளையாக, நீளமாக, முடிவில்லாமல்.

அன்று மதியமே மெத்தையைப் பின்பக்கத்துக் காலி மனைக்கு இழுத்துப்போய் எரித்தார்கள். லேசில் எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்ற ஊற்றச் சீறியது, உருகியது, கடைசியில் கரிந்தது. சாயங்காலத்துக்குள் அக்காவின் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு டப்பாக்காரி தன் ஒற்றைக் கூடத்து வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்துவிட்டாள். அத்தானுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனிதர் லாரியை ஓரம்கட்டி நிறுத்தினார். பிறகு, "நான் போன வாரம்கூட அந்த ஓரத்துல உட்கார்ந்துதான் ஷூ மாட்டினேன்" என்றார். வேறு வீடு பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்தப் படத்தை அவள் கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை. கணினியிலிருந்து அழித்தாள். காகிதத்தையும் டப்பாவையும் நசுக்கிக் குப்பை வண்டியில் போட்டாள்.

அக்கா தேறினாள். முதலில் கஞ்சி இறங்கியது, பிறகு சோறு. கன்னத்தில் சதை பிடித்தது. கூடத்தில் போட்ட மடக்குக் கட்டிலில் மதியம் ஒரு தூக்கம் போடுவாள். அந்தக் குறட்டையைக் கேட்க டப்பாக்காரிக்கு நிம்மதியாக இருந்தது.

டப்பாக்காரியின் கட்டைவிரல்தான் சரியாகவில்லை. இரண்டாவது வாரத்தில் அவளுடைய போன் அந்த விரலை அடையாளம் தெரியாமல் தள்ளியது. பார்த்தால், ரேகையே இல்லை. நுனி வழவழவென்று, ஊறவைத்த அரிசி நிறத்தில் இருந்தது. டாக்டர், போட்டோ மருந்துகளைக் கையாள்வதால் வந்த அலர்ஜி என்று களிம்பு எழுதிக்கொடுத்தார். களிம்பு தடவத் தடவத் தோல் தடித்தது.

ஐந்தாவது வாரம், ஒரு மதியம், பாத்திரம் கழுவும்போது நகத்தோரம் தோல் தூக்கிக்கொண்டது. அதைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வலிக்கவில்லை. ஒரு துளி ரத்தம் இல்லை. நுனி முழுவதும் ஒரே துண்டாக, ஈரமாக உரிந்து வந்தது. இனிப்பான அந்த வாடை அடுப்பங்கரை முழுக்கப் பரவியது.

தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷம் ஃபிலிமைப் பார்த்துப் பழகிய கை, அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது.

தபால்தலையில் பாதிகூட இல்லாத அந்தத் தோலில் பழுப்பாக ஒரு படம்.

அக்கா வீட்டு அறை இல்லை. இந்தக் கூடம். இந்த ஜன்னல் கம்பிகள், மூலையில் அவளுடைய மேசை, நடுவில் மடக்குக் கட்டில். அவளும் அக்காவும் அதில் இல்லை. ஐந்து வாரமும் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும்தானே இருந்தார்கள்.

கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் இருந்தார். பொத்தான் பொத்தானாக.

டப்பாக்காரி மெல்லத் திரும்பினாள்.

கூடத்தில் வெயில் அடித்தது. அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தலைமாட்டுப் பக்கமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். கட்டிலின் மறுபாதி காலியாகக் கிடந்தது.

"அக்கா." நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "ஏன் இப்படிச் சுருண்டு படுத்திருக்க? காலை நீட்டிப் படேன்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் முனகினாள்.

"எங்க நீட்டறது? இடமே இல்லையேடி."