ஆபத்து... குறைவு!

போன் அலறியது.

காலைக் காபியின் முதல் வாய் தொண்டையில் இறங்குவதற்குள் டாக்டர் எடுத்தாள்.

சிறையில் இருக்கும் கொலைகாரர்களோடு உட்கார்ந்து பேசி, வெளியே விட்டால் மறுபடியும் கை வைப்பார்களா மாட்டார்களா என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை. பள்ளிக்கூடத்து டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரிதான்... என்ன, இங்கே தப்பாகத் திருத்தினால் ஓர் உயிர் போகும்!

"டாக்டர், இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"ஒரு பொம்பளையோட பாடி கிடைச்சிருக்கு. கழுத்தை நெரிச்சிருக்கான். உங்க ஆளுதான்!"

"என் ஆளா? யாரைச் சொல்றீங்க?"

"தச்சனை! 'ஆபத்து குறைவு'ன்னு எழுதிக் கொடுத்துப் போன மாசம் வெளிய விட்டீங்களே... அந்த மகராசனைத்தான். கிளம்பி வாங்க. கையால எழுதினதைக் கண்ணால பாருங்க!"

போன் செத்தது.

காபி ஆறிப் போனது. டாக்டருக்குப் பயமாக இருந்தது... ரொம்பப் பயமாக இருந்தது!

* * *

அது கண்காணிப்பு அதிகாரியின் வீடு.

நிபந்தனையோடு விடுதலையாகும் கைதிகளை வாராவாரம் வரவழைத்து, வேலைக்குப் போகிறார்களா, குடிக்கிறார்களா, வம்பு தும்பு உண்டா என்று பார்க்கிறவர் அவர். தச்சனும் அவர் கணக்கில்தான் இருந்தான்.

கூடத்தின் நடுவே அவருடைய மனைவி கிடந்தாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு சோபாவுக்கு அடியில். முகத்தின் மேல் ஒரு பச்சைத் துண்டு, நான்கு மூலையும் இழுத்துவிட்டு ஒழுங்காகப் போர்த்தப்பட்டிருந்தது. பக்கத்தில் பாதி கழற்றிய அலமாரிக் கதவு.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று மீசையைத் தடவினார்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி, அவன் பொண்டாட்டியைக் கொன்னப்ப முதல்ல போய்ப் பிடிச்சது நான் டாக்டர். அப்ப நான் சப்-இன்ஸ்பெக்டர். இவனை வெளிய விடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டீங்க?"

"உள்ள இருந்தவரைக்கும் அவர் மேல ஒரு புகார் கிடையாது சார். ஒரு சண்டை இல்லை... ஒரு கெட்ட வார்த்தை இல்லை..."

"உள்ள பொம்பளைங்களே இல்லையே டாக்டர்! குளமே இல்லாத ஊர்ல வெச்சுக்கிட்டு, இவன் தண்ணில இறங்கவே மாட்டான்னு சர்டிபிகேட் கொடுத்தா எப்படி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போட்டோகிராபர் கூப்பிட, இன்ஸ்பெக்டர் தோட்டத்துப் பக்கம் போனார்.

அதிகாரி மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. வெயில் ஏறியும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்க்கவில்லை.

"எல்லாம் என்னாலதான் டாக்டர்!" குரல் உடைந்தது. "வேலை கிடைக்காம அலையறானேன்னு பாவப்பட்டு அலமாரியைச் சரி பண்ண வரச் சொன்னேன். நேத்து நான் ஆபீஸ் விஷயமா வெளியூர் போயிட்டேன். காலைல வந்து கதவைத் திறந்தா... இப்படி!"

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை சார்..."

"அதே கை, அதே கழுத்து... பாருங்க, அதே மாதிரி முகத்தைக் கூட மூடியிருக்கான். பொண்டாட்டியைக் கொன்னப்பவும் இப்படித்தானே துண்டு போட்டு மூடினான்? உங்க ரிப்போர்ட்லயே எழுதியிருந்தீங்களே!"

எழுதியிருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்து அவள் எழுதினாள். அவருக்கு முன்னால் இருந்தவர் பழைய கேஸ் போட்டோவைப் பார்த்து எழுதியிருந்தார். 'கொன்றபின் முகத்தை மூடியிருக்கிறான். செய்த தப்பைக் கண்கொண்டு பார்க்க முடியாத மனம். குற்ற உணர்வு உள்ளவன்.'

அந்த ஒரு வரிதான் தச்சனின் மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்தியது. சிறைக்கதவைத் திறந்ததும் அந்த வரிதான்.

* * *

ஸ்டேஷன் வாசலில் ஒரு தையல்காரி அழுதுகொண்டு நின்றாள். தச்சனைக் கல்யாணம் செய்துகொள்ள இருப்பவள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. மிஷினை விட்டு அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள்.

"டாக்டரம்மா! உங்களைத்தானே தேடி வந்து கேட்டேன்... இந்த மனுஷனை நம்பலாமான்னு! நம்பலாம்னு சொன்னீங்களேம்மா!"

"கொஞ்சம் பொறும்மா. நான் பேசிட்டு வரேன்."

லாக்கப்பில் தச்சன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. ஆனால் கைகள் மட்டும் இரண்டு மடங்கு.

"நீங்க செஞ்சீங்களா?"

"இல்லைங்க டாக்டரம்மா. மத்தியானமே ஒரு கதவைக் கழட்டி வெச்சேன். திரும்ப மாட்ட மறையாணி போதலை, நாளைக்கு வாங்கிட்டு வரேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன்."

"யாரு நம்புவா? முகத்தை மூடியிருக்கு! உங்க மனைவிக்குப் பண்ணின மாதிரியே!"

தச்சன் நிமிர்ந்தான்.

"மூடியிருக்கா? யாரு மூடினா?"

"நீங்கதான்!"

"நான் எதுக்கு மூடணும்? அன்னிக்கும் நான் மூடலையே!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சொல்றீங்க? நான் கேட்டேனே... ஏன் மூடினீங்கன்னு. தலையைக் குனிஞ்சு அழுதீங்களே!"

தச்சன் சங்கடமாகச் சிரித்தான்.

"நீங்க கேட்ட தினுசுலயே தெரிஞ்சுது, மூடியிருந்தா எனக்கு நல்லதுன்னு. அதான் தலையாட்டினேன். அழுகை தானா வந்துச்சு. தப்புத்தாங்க... ஆனா நெசமா நான் மூடலை!"

டாக்டர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. அவள் மூளைக்குள் ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

துண்டு போட்டது தச்சனின் வழக்கமே இல்லை... அது ரிப்போர்ட்டின் வழக்கம்! ரிப்போர்ட்டைப் படித்த யாரோ, அதைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள்!

* * *

"சார், பழைய கேஸ்ல செத்தவங்க முகத்துல ஒரு துண்டு இருந்துச்சு. அதைப் போட்டது யாரு?"

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த பேனா நின்றது. காதோரம் சிவந்தது.

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க சார்! ஒரு உயிர் போயிருக்கு!"

"நான்தான்." குரல் இறங்கியது. "அக்கம்பக்கத்துக் குழந்தைங்க ஜன்னல்ல ஏறி எட்டிப் பார்த்துச்சுங்க. மனசு கேக்கலை. கொடியில கிடந்த துண்டை எடுத்துப் போட்டேன். அப்புறம்தான் போட்டோகிராபர் வந்தாரு. தடயத்துல கை வெச்சியான்னு மேலதிகாரி வாட்டி எடுத்துடுவாரேன்னு வாயைத் திறக்கலை. இன்னிக்குக் கிடந்த துண்டைக் கூட அந்த வீட்டுக்காரர்தான் மனசு கேக்காமப் போட்டிருப்பார்னு நினைச்சேன்."

"எங்க ரிப்போர்ட்டை நீங்க படிச்சதில்லையா?"

"எனக்கு யாரு கொடுத்தா? வெளிய விடலாமான்னு முடிவு பண்ற உங்க போர்டு படிக்கும்... அப்புறம் கண்காணிப்பு அதிகாரிக்கு ஒரு காப்பி போகும். எங்களை எங்க மதிச்சீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போர்டுல இருக்கற ஆறு பேர்ல," என்றாள் டாக்டர் மெதுவாக, "ஒருத்தருக்கும் அந்த வீட்டுச் சாவி கிடையாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்தினார்.

"வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கா? கூப்பிடுங்கய்யா அந்த ஆளை!"

* * *

கண்காணிப்பு அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வாக்குமூலம்தானே சார்? சீக்கிரம் முடிச்சிடுங்க. சொந்தக்காரங்க வந்துட்டு இருக்காங்க."

"ஒரே கேள்விதான் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். " துண்டு போட்டது தச்சன்தான்னு அடிச்சுச் சொல்றீங்களே... எப்படி?"

"அது அவனோட பழக்கம்! முதல் கொலையிலயும் அப்படித்தான்."

"முதல் கொலையில துண்டு போட்டவன் இப்ப உங்க எதிர்ல உக்காந்திருக்கேன்."

அதிகாரி சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"என்ன சார் விளையாடறீங்க?"

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

"எதுக்கு?"

"வேர்த்துக் கொட்டுது பாருங்க... காத்து வாங்கட்டும்!"

அதிகாரி அசையவில்லை. ஏட்டு வந்து பொத்தானை அவிழ்த்தார். இரண்டு முன்கைகளிலும் நகக் கீறல்கள்... புத்தம் புதிதாக, வரி வரியாக! செத்தவள் சும்மா சாகவில்லை.

குட்டு உடைந்தது.

"என்னை விட்டுட்டுப் போறேன்னா சார்!" திடீரென்று வெடித்தார். "பெட்டி கட்டி வெச்சுட்டா! என்கிட்ட பயமா இருக்குன்னு அவ அக்காகிட்ட போன்ல சொல்றா... என் காதுபட! எத்தனை கொலைகாரனுங்களை நான் கட்டி மேய்க்கறேன், எனக்குப் பயப்படறாளாம்!"

"அதனால ஒரு கொலைகாரன் பேர்லயே எழுதிட்டீங்க."

"அவன்தான் ஏற்கனவே பண்ணினவன் ஆச்சே! இன்னொண்ணு சேர்ந்தா யாரு சந்தேகப்படுவாங்க?"

டாக்டர் அவரையே பார்த்தாள். எத்தனை மீட்டிங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! இவருக்கு மதிப்பெண் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

* * *

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டாக்டர் மூச்சு விட்டாள். வேலை பிழைத்தது. பெயர் பிழைத்தது. ஒரு நிரபராதி பிழைத்தான்.

தச்சன் கையெழுத்துப் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, வெளியே போனான்.

"உங்க மார்க் ஜெயிச்சிருச்சு டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "எனக்குத்தான் இன்னும் மனசு ஆறலை. அன்னிக்கு நான் உள்ள போனப்ப அவன் என்ன பண்ணிட்டு இருந்தான் தெரியுமா?"

"என்ன?"

"பொண்டாட்டி பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து, அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுட்டு இருந்தான். என்னைப் பார்த்ததும், 'ஒரு நிமிஷம் சார், கை கழுவிட்டு வரேன்'னான். அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு."

டாக்டருக்குத் தன் ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது.

துண்டு இல்லை என்றால்... குற்ற உணர்வு இல்லை. குற்ற உணர்வு இல்லை என்றால் அந்த மதிப்பெண் இல்லை. அழுகையும் பொய். 'நீங்க கேட்ட தினுசுலயே தெரிஞ்சுது' என்று வாய்விட்டே சொன்னானே! தன் பெயர் பிழைக்கும் சந்தோஷத்தில் அதைக் காதில் வாங்கவே இல்லையே!

இந்தக் கொலையை அவன் செய்யவில்லை என்று நிரூபித்த அதே வாயால், அடுத்ததை அவன் செய்வான் என்பதையும் அவள் நிரூபித்திருக்கிறாள்!

"சார், அவனை விடாதீங்க! நான் போட்ட மார்க் தப்பு! அவன் ரொம்ப ஆபத்தானவன்!"

"எந்தக் கேஸ்ல பிடிச்சு வைக்கறது? இதுல அவன் நிரபராதின்னு நீங்கதானே நிரூபிச்சீங்க?"

"அந்தத் தையல்காரி..."

சொல்லி முடிக்காமல் ஓடினாள்.

எதிர்ச் சாரியில் பஸ் புறப்படத் தயாராக நின்றது. தையல்காரி படியில் கால் வைத்திருந்தாள். அவள் பையைத் தச்சன் அக்கறையாகத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மூச்சு வாங்கியது.

"போகாதேம்மா! நான் தப்பாச் சொல்லிட்டேன். இவரை நம்பாதே!"

தையல்காரி கையை உதறினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அது கோபம்.

"என்னம்மா நினைச்சுட்டு இருக்கீங்க? முந்தி நம்பலாம்னீங்க. இப்பப் போலீசே நிரபராதின்னு அனுப்பிச்சாச்சு. இப்ப வந்து நம்பாதேன்னா? ஊரே இவர் மேல பழி போட்டுச்சு... நீங்களுமா?"

"சொன்னாக் கேளு... உன் உயிர்ம்மா!"

"என் உயிரை இவர் பார்த்துப்பாரு!"

அவள் ஏறி உள்ளே போய்விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்தது. தச்சன் படியில் தொற்றிக்கொண்டான்.

"உன் விடுதலையை ரத்து பண்ணச் சொல்லி இன்னிக்கே எழுதறேன் பாரு!" டாக்டர் பஸ்ஸோடு ஓடியபடி கத்தினாள். "உன்னைத் திரும்ப உள்ள தள்ளாம விட மாட்டேன்!"

தச்சன் குனிந்தான். சிறையில் எல்லோரும் பார்த்து மயங்கிய அதே சாந்தமான சிரிப்பு.

"தாராளமா எழுதுங்க டாக்டரம்மா! ஆனா அதுல முதல் கையெழுத்துப் போட வேண்டியவரு கண்காணிப்பு அதிகாரி... அவரு இப்பத்தான் உள்ள கம்பி எண்ண ஆரம்பிச்சிருக்காரு. எண்ணி முடிச்சதும் வாங்கிக்குங்க!"