உள்பக்கத் தாழ்ப்பாள்

வேலை முடிந்துவிட்டது என்பது தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரிந்தது. அறுத்த மரத்தின் வாசனை, அதோடு சேர்ந்து பசையின் நெடி. பள்ளிக்கூடப் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு பின்னால் வந்த மகள் மூக்கைப் பொத்தினாள்.

"அம்மா, நம்ம வீடு நாறுது."

"நாறட்டும். மகாராணிக்கு அலமாரி வந்தாச்சு. இனிமே உன் துணி கட்டில் மேல மலையா கிடந்துச்சு, தொலைச்சுடுவேன்."

வீட்டிலும் தெருவிலும் அந்தப் பிள்ளைக்கு வாலு என்றுதான் பெயர். ஓர் இடத்தில் நிற்காது. கேட்டைத் திறந்ததுமே பையை அம்மாவின் காலடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடியது.

கொல்லைக் குழாயில் கார்பெண்டர் கைகழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மச்சான் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். கார்பெண்டருக்கு வாய் ஓயாது. மச்சானுக்கு வாய் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

"முடிச்சாச்சு மேடம். போய்ப் பாருங்க. உங்க அக்கா நின்னு சொல்லச் சொல்ல, அப்படியே செஞ்சிருக்கோம். ஒரு குறை சொல்ல முடியாது."

அவள் சிரித்து வைத்தாள். நாத்தனாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள்.

அவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர் கண்ணுக்குக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா, எது தெளிவா தெரியுது?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. லீவு கேட்டால் மேலே இருப்பவர் முகம் சுண்டிப் போகும். கணவன் கப்பலில் இருந்தான். அவன் வருவதற்குள் வீட்டை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். அலமாரி வேலை நடக்கும்போது தான் வந்து உட்கார்ந்துகொள்வதாக நாத்தனார் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த தைரியத்தில்தான் காலையில் போன் செய்த கார்பெண்டரிடம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, "என்னை ஏன் கேக்குறீங்க? வீட்ல இருக்கறவங்க சொல்ற மாதிரி செஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்திருந்தாள்.

பழைய வீடு. மலிவாக வந்ததால் வாங்கினார்கள். மகளுக்கு ஒதுக்கிய சின்ன அறையின் சுவரில் ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் அதன் குறுக்கே பீரோவை நிறுத்தி மறைத்திருந்தார்கள். எதற்கு அந்தப் பள்ளம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அது வசதியாகப் பட்டது. பள்ளத்துக்குள் பலகை அடித்து, தட்டு போட்டு, முன்னால் ஒரு கதவு வைத்தால் அலமாரி.

வாலு சமையலறையில் பிஸ்கட் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவள் சின்ன அறைக்குள் போனாள்.

அலமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

உள்ளே ஒரு தட்டுகூட இல்லை.

மூன்று பக்கமும் புதுப் பலகை. நடுவில் வெறும் இடம். கதவின் அடியில், எலி வளை மாதிரி வரிசையாகத் துளைகள். துணி மாட்டக் கம்பி இல்லை, கொக்கி இல்லை. தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. பெரிய, வாசல்கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள்.

அதைக் கதவின் உள்பக்கத்தில் அடித்திருந்தார்கள்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்பலகையில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தது. ஒன்று அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று அவள் இடுப்புக்கு.

அலமாரிக்குள்ளிருந்து பச்சை மரத்தின் வாசனை வரவில்லை. ரொம்ப நாள் தேய்க்காத பாத்திரத்தின் வாசனை வந்தது.

அவள் விறுவிறுவென்று கொல்லைக்கு வந்தாள்.

"என்னங்க இது? அலமாரி கேட்டா லிஃப்ட் மாதிரி செஞ்சு வச்சிருக்கீங்க? தட்டு எங்க?"

"தட்டு வேணாம்னுட்டாங்களே மேடம்."

"யாரு?"

"உங்க அக்காதான். நானும் ரெண்டு தடவை கேட்டேன். 'தட்டு போட்டா எப்படி நிக்கிறது?'ன்னாங்க. பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு என்னென்னவோ ஆசை, தியானம் கியானம்னு. நமக்கெதுக்கு வம்புன்னு செஞ்சிட்டோம்."

"தாழ்ப்பாளை உள்ள போட்டிருக்கீங்க."

"அவங்கதான் சொன்னாங்க. கதவை மாட்டுற கீலும் உள்பக்கம் வேணும்னாங்க. கடை வரைக்கும் யார் போறதுன்னு சாதாக் கீலையே வெளிய அடிச்சிட்டேன். அதை மட்டும் மன்னிச்சிக்கணும்."

"அந்தத் துளை?"

"காத்து வேணுமாம். சின்னப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்னாங்க."

நாத்தனார் கிறுக்குத்தனம் பண்ணுகிறவள்தான். ஆனால் இந்த மாதிரிக் கிறுக்குத்தனம் இல்லை. அவள் கைபேசியை எடுத்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

மறுமுனையில் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "திட்டாதே. காலையில இருந்து பல்லு உயிர் போவுது. அவங்க கையில சாவியைக் கொடுத்துட்டு அப்படியே டாக்டர்கிட்ட வந்துட்டேன். சொன்னா நீ குதிப்பேன்னு சொல்லல."

"வீட்டுக்குள்ள நீங்க வரவே இல்லையா?"

"கேட்டைக்கூடத் தாண்டலடி."

அவள் கைபேசியை இறக்கினாள்.

"எங்க அக்காவை நீங்க பார்த்தீங்களா?"

கார்பெண்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "பார்த்தோமாவா? அது வந்து... சாவி கொடுத்த அம்மா போயிட்டாங்க, ஆனா 'வீட்ல இருக்கறவங்க சொல்ற மாதிரி'ன்னு நீங்கதானே சொன்னீங்க. ரூமுக்குள்ள இருந்துதான் பேசினாங்க. பொம்பளை ஆளு தனியா இருக்காங்க, எட்டிப் பார்த்தா மரியாதையா இருக்குமா? நாங்க ஹால்ல பலகையை அறுப்போம், அவங்க உள்ள இருந்து சொல்லுவாங்க. உள்ள வேலைன்னா 'அந்தப் பக்கம் போயிட்டேன், வாங்க'ன்னு குரல் கொடுப்பாங்க. அப்புறம் போவோம்."

"அளவு?"

"அளவை அவங்களே எடுத்துக்கிட்டாங்க. பென்சில் மட்டும் கேட்டாங்க. கதவிடுக்கு வழியா மச்சான்தான் கொடுத்தான்."

மச்சான் தன் வலது கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கை சில்லுன்னு இருந்துச்சு" என்றான். அன்றைக்கு அவள் கேட்ட அவனுடைய முதல் பேச்சு அதுதான்.

"எங்க அக்கான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கார்பெண்டர் மச்சானைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல மேடம். குரல் அப்படியே உங்க குரல்."

வீட்டுக்குள்ளே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தவில்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாமல் சாத்துவதுபோல, மெதுவாக.

பிறகு, இரும்பு இரும்பில் உரசி விழுகிற சத்தம்.

அவள் ஓடினாள்.

சமையலறையில் பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. சின்ன அறையின் தரையெங்கும் மரத்தூள். தூளில் வாலுவின் பாதம் பதிந்து பதிந்து அலமாரிவரை போயிருந்தது. திரும்பி வரவில்லை.

அலமாரி சாத்தியிருந்தது.

அவள் கதவின் விளிம்பில் நகத்தை விட்டு இழுத்தாள். அசையவில்லை.

"வாலு! கதவைத் திற. அம்மா சொல்றேன்ல, திறடி!"

உள்ளே சத்தமில்லை. அவள் முழங்காலில் விழுந்து அந்தத் துளைகளில் காதை வைத்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. சின்ன மூச்சு ஒன்று. அதன்மேல் நீளமாக, நிதானமாக, இன்னொன்று.

வாலு குசுகுசுத்தது. அவளிடம் இல்லை.

"அம்மா, வெளிய யாரோ உன்ன மாதிரியே பேசுறாங்க."

பதில் வந்தது. இருட்டறையில் நாள் முழுக்கப் பேசி அவளுக்கே அலுத்துப்போன குரல். அவள் குரல்.

"பேசட்டும் கண்ணு. நீ பதில் சொல்லாதே."

கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் அதுவும் தன் குரலாகத்தானே உள்ளே கேட்கும் என்ற நினைப்பில் வாயை மூடிக்கொண்டாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

கார்பெண்டர் வாசற்படியில் நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன.

"கீலு" என்றார். "கீலு வெளியதான் இருக்கு. தள்ளுங்க மேடம்."

சோம்பேறித்தனத்தில் செய்த அந்த ஒரு காரியம்தான் கை கொடுத்தது. அவர் கீலின் ஊசியில் உளியை வைத்து அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே அந்தக் குரல் ஏதோ பாடியது. தாலாட்டு. வாலு கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தானாகக் கட்டிப் பாடியது, வேறு யாருக்கும் தெரியாதது. மேல் ஊசி கழன்றது. நடு ஊசி கழன்றது. மச்சான் சாமி பெயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து முணுமுணுத்தபடி கதவைப் பிடித்துக்கொண்டான். கடைசி ஊசி தெறித்ததும் பாட்டு நின்றது.

கதவைப் பெயர்த்து எடுத்தார்கள்.

வாலு மட்டும் நின்றது. இடுப்பு உயரக் கோடு அதன் உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது. அதன் வலது கை மேலே தூக்கியிருந்தது, யாரோ விரலைப் பிடித்திருப்பதுபோல. தாழ்ப்பாள் அந்தப் பிள்ளை எக்கினாலும் எட்டாத உயரத்தில் போட்டபடியே இருந்தது.

அவள் வாரி எடுத்தாள். பிள்ளை அழ ஆரம்பித்தது. இறுக அணைத்தாள். பிள்ளை திமிறியது, அவள் தோளைக் கடித்தது, அலமாரியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

"அம்மா! அம்மா!"

வெறும் பலகையைப் பார்த்து.

மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. வாசலைப் பூட்டி, நாத்தனார் கார்பெண்டரிடம் கொடுத்திருந்த சாவியையும் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கார்பெண்டர் அந்த வீட்டில் விட்டுவந்த ரம்பத்தைக் கேட்டு அப்புறம் வரவே இல்லை.

நாத்தனாரின் அடுக்குமாடி வீட்டில் ஒரு மெத்தை போட்டுத் தங்கினார்கள். நாத்தனார் வீங்கிய கன்னத்தோடு சுற்றிச் சுற்றி வந்தாள். "என் பல்லுதான்டி எல்லாத்துக்கும் காரணம், பிடுங்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் அழுதாள். வாலு சாப்பிட்டது. பள்ளிக்கூடம் போனது. பால் கொட்டியது, டிவி ரிமோட்டை ஒளித்து வைத்தது. பிள்ளை சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவளுக்கு மட்டும் தெரிந்தது. பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடுவதில்லை. துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும், "இங்க பாரு" என்னும், அவ்வளவுதான். சில நேரம் சாப்பிட்டுக்கொண்டே தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் கடைசி வரி எழுத்தைப் படிக்க முடியாமல், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இதுவா, அதுவா.

போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். புருஷனிடமும் அதையே சொன்னாள். வீட்டை விற்றுவிடலாம் என்று அவன் கப்பலிலிருந்து சொன்னான்.

ஒரு விடுமுறை நாள் மதியம். பளீரென்று வெயில். வாலு ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், பெயின்டர் பேசுறேன். உங்க வீட்லதான் நிக்கிறேன். சுவத்தை எல்லாம் சுரண்டி முடிச்சாச்சு."

"எந்த வீடு? நான் யாரையும் கூப்பிடலயே."

"என்ன மேடம் விளையாடுறீங்க? நேத்து நீங்கதானே போன் பண்ணீங்க? இதே குரல்தான்."

கைப்பை அவள் மடியில் இருந்தது. உள்ளே கையை விட்டாள். சாவிகள் எல்லாம் இருந்தன.

"கதவை... யார் திறந்தது?"

"திறந்துதான் இருந்துச்சு. உள்ள ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. நான் எட்டிப் பார்க்கல மேடம், குரல் மட்டும்தான். சின்ன ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு பாப்பாவையே கேட்டுச் சொல்லணுமாம். அதுக்குத்தான் இந்த நம்பர் கொடுத்தாங்க."

"எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே வெளிய வாங்க."

"இருங்க மேடம், அவங்களே பேசணுமாம். கொடுக்கிறேன்."

கைபேசி கை மாறுகிற சரசரப்பு. அவள் துண்டிக்க விரலை நகர்த்துவதற்குள் அவள் கையில் கைபேசி இல்லை. வாலு அதைப் பிடுங்கிக் காதில் வைத்திருந்தது.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. வீட்டை விட்டு வந்த பிறகு அவள் ஒருமுறைகூடப் பார்க்காத சிரிப்பு.

"மஞ்சள்" என்றது வாலு. கொஞ்ச நேரம் கேட்டது. தலையாட்டியது. "சரிம்மா. சாப்பிட்டேன்மா."

கைபேசியைப் பத்திரமாக அவள் மடியில் வைத்தது. வரைந்த படத்தைச் சுருட்டிக்கொண்டது. செருப்பை மாட்டியது. பிறகு அவள் முன்னால் வந்து, முன்பின் தெரியாத பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாளோ, அப்படியே கைகட்டி, மரியாதையாகக் கேட்டது.

"எங்க அம்மா வரச் சொன்னாங்க. கொண்டுபோய் விடுறீங்களா ஆன்ட்டி?"