தூக்குக்குண்டின் நூல்

காலையிலிருந்து ஏழு வீட்டில் கதவு இழைத்தாயிற்று. ஏழும் மலைப் பக்கத்து மேல்மூலையில்தான் இறுகியிருந்தன. தச்சனுக்கு அது பிடிக்கவில்லை. மரம் ஊறினால் ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு இடத்தில் சிக்கும், இப்படிச் சொல்லிவைத்தாற்போல் சிக்காது.

மலையை அளக்க வந்த அதிகாரி நேற்றே சொல்லியிருந்தார். "அடியில உருகின பாறை மேல வர வழி தேடுதுங்க. வழி இல்லாத எடத்துல பாறையைப் பிளக்குது. அதுதான் நமக்கு நடுக்கமாத் தெரியுது. நிலமும் உப்பிக்கிட்டே வருது." ஊரைக் காலி செய்யும் கடைசி வண்டி மதியம் மூன்று மணிக்கு.

எட்டாவது, அக்கா வீட்டுச் சாமான் அறை. ஜன்னல் கிடையாது. திருட்டுக்குப் பயந்து, வைரம் பாய்ந்த மரத்தில் அவனே செய்து கொடுத்த கதவு. நெம்பித் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த அவளுடைய இன்சுலின் பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

"நீ போய் வண்டியில ஏறுக்கா. இதோ வந்துட்டேன்."

விளிம்பை இழைத்தான். நிலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, உள்பக்கம் நிலையின் மேல்கட்டையிலிருந்து தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டான். குண்டுக்கும் தரைக்கும் நான்கு விரல் இடைவெளி. இழைத்த கதவை உள்ளே நின்று சாத்தி, இடுக்கில் வெளிச்சம் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஊரே ஓடிக்கொண்டிருந்தபோதும் சாத்தினான்.

தரை ஒரு முறை குலுங்கியது. நிலை முனகியபடி கதவைக் கவ்விக்கொண்டது.

தள்ளினான். தோளால் இடித்தான். உளி வெளியே, கடப்பாரை வெளியே, கீலும் வெளியே. சிக்னல் இல்லாத கைபேசியின் வெளிச்சத்தில் மரத்தூள் மிதந்தது. அதன் வாசனைக்கு அடியில், அணைந்த தீக்குச்சியின் நெடி.

"டேய் தம்பி! எங்கடா இருக்க? வண்டி கெளம்புது!"

வாசலில் அக்கா. கூப்பிட்டால் ஓடி வருவாள். கதவோடு மல்லுக்கட்டுவாள். வண்டி போய்விடும்.

"பின்வாசல் வழியா வர்றேன்! நீ ஏறு!"

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அப்போதுதான் உடம்பெல்லாம் பயம் வந்தது. "அக்கா, போகாத" என்றான், யாருக்கும் கேட்காமல்.

டொக். டொக். டொக்.

திரும்பி வந்துவிட்டாள்! கதவில் காதை வைத்தான். எதுவும் இல்லை.

டொக்.

இந்த முறை அதிர்வு உள்ளங்காலில் பட்டது. தரை சுட்டது. கைபேசி வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினான்.

குண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெல்லச் சாய்ந்து படுத்தது. அதன்மேல் நூல் தொய்ந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.