கோட்டுக்குக் கீழே சிவப்பு

வாடிய தேயிலைக் கொழுந்தை ரோலருக்குள் போட்டு அரைத்து எடுத்தால் எடை குறையும். சாறு பித்தளையில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் தரையில் சிந்தும், தடவைக்கு இரண்டு கிலோவாவது போய்விடும். அந்தத் தோட்டத் தொழிற்சாலை அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டிய ஜெயந்தினியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அதனால்தான், திரையில் சேதாரக் கணக்கின் வரைபடம் சைபர் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்ததும் முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள்.

கொழும்பு அலுவலகத்துக்கு மாலை ஐந்து மணிக்குள் படம் போக வேண்டும். ஒவ்வொரு ரோலரிலும் வருடம் முழுக்க எவ்வளவு எடை குறைந்தது என்று, கோட்டுக்கும் சைபருக்கும் நடுவே நிறம் நிரப்பிய பரப்பு வரைபடமாகக் கேட்டிருந்தார்கள். தராசு கணினியோடு இணைந்திருந்ததால் எண்கள் தாமாகவே வந்து விழும். இந்தக் கணக்கை முன்பு பார்த்து ஓய்வுபெற்றுப் போன பழைய கிளாக்கர் இராமையா, மைனஸ் எண் எது வந்தாலும் சைபராக மாறும்படி கணினித் தாளில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தார். இன்று காலை ஜெயந்தினி அதை எடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் படம் கீழே தொங்கியது.

மேலேயும் கீழேயும் ஒரே நீலமாக இருந்ததால் ஒன்றும் புரியவில்லை. பிளஸ் எண்களை ஒரு நிரலிலும் மைனஸ் எண்களை இன்னொன்றிலும் பிரித்து, கீழே போனதற்குச் சிவப்பு கொடுத்தாள். சரிவில் இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கோடு சைபரைக் கடக்கும் இடத்தில் புதிதாக ஒரு வரிசை நுழைத்து அதில் சைபர் போட்டதும் படம் சுத்தமானது. மூன்று சிவப்பு முக்கோணங்கள். மூன்றும் மூன்றாம் ரோலரில்தான்.

"என்னா புள்ள சிவப்பா இருக்கு?"

அரைப்பு முழுவதற்கும் பொறுப்பான டீமேக்கர் முத்துலிங்கம் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அவர் சட்டையில் பச்சைக் கொழுந்தின் புளித்த வாசனை அடித்தது.

"மூணாம் ரோலருங்க ஐயா. போட்டத விட வெளிய வந்தது கூட இருக்கு. ஒரு தடவ நாப்பத்தஞ்சு கிலோ."

"மழக் கொழுந்து, ஈரமா இருந்திருக்கும். மைனஸ் வந்தா சைபர் போட்டுருங்க. இராமையா அப்பிடித்தானே செஞ்சாரு?"

"போடுறப்பவும் அதே ஈரந்தானுங்களே ஐயா?"

"சைபர் போடுங்க புள்ள." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அலுவலகம் மாடியில். கிளாக்கர் தூங்குகிறாரா என்று கீழிருந்தே பார்க்க வசதியாக, அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோலர் அறை. மத்தியானத்திலிருந்தே பனி ஜன்னல் வழியாகப் புகுந்து கீழே ரோலர்களை மூடியிருந்தது. அவை சுற்றுவது தெரியவில்லை, அந்தக் கனத்த உருட்டல் மட்டும் நாற்காலிக் கால் வழியாக இடுப்புவரை ஏறியது.

கடைசிச் சிவப்பின் தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட் பத்தொன்பது.

அன்றைக்குத்தான் ரோலர் அறையைக் கூட்டுகிற காளியாயி காணாமல் போனாள். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு ஓடிவிட்டாள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. ஆனால் உடுப்புப் பை வீட்டிலேயே இருந்தது. ஜூலையில் நடந்த கிளினிக்கில் எல்லாருக்கும் எடை பார்த்தபோது பட்டியல் எழுதியவள் ஜெயந்தினி. அன்று ஜெயந்தினிக்கும் அவள் தங்கை பூரணிக்கும் ஒரே எடை வந்ததை ஊரே கேலி செய்தது. பட்டியலைத் திறந்தாள். காளியாயி, நாற்பத்தேழு.

மைனஸ் நாற்பத்தைந்து. வழக்கமாகக் குறையும் இரண்டு கிலோவைச் சேர்த்தால் நாற்பத்தேழு.

மற்ற இரண்டு தேதிகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்போது, யாரும் தொடாமலே, தாளின் அடியில் புதிய வரிசை ஒன்று வந்து விழுந்தது. மூன்றாம் ரோலர். இன்றைய தேதி. நேரம் நாலு இருபது. மைனஸ் நாற்பத்தாறு.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்துதான் ஆகியிருந்தது.

அழித்தாள். திரும்ப வந்தது. இன்னொரு தடவை அழித்தாள். வந்தது. நாற்பத்தாறும் இரண்டும் நாற்பத்தெட்டு. பட்டியலில் விரல் ஓடியது. நாற்பத்தெட்டு. பூரணி.

காளியாயியின் இடத்துக்குத் திங்கட்கிழமைதான் பூரணியைப் போட்டிருந்தார்கள். ஜெயந்தினிதான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. போன் அடித்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை.

படிக்கட்டில் முத்துலிங்கம் ஏறி வந்தார். "படம் முடிஞ்சிருச்சா புள்ள?" அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

பனிக்குள் ஓடினாள். ஈரத் தரை. வழுக்கியது. மூன்றாம் ரோலரின் சிவப்பு சுவிட்சை உள்ளங்கையால் அடித்தாள். உருட்டல் முனகி, தளர்ந்து, நின்றது. மற்ற ரோலர்களும் அன்று ஓடவில்லை போலிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை.

"பூரணி!"

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி ஓடியார்ற?"

விளக்குமாறும் கையுமாகத் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள் தங்கை. முழுசாக. உயிரோடு. ஜெயந்தினி அவளைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள்.

"வெளிய போ. வீட்டுக்குப் போடி. கேள்வி கேக்காத!"

இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே தள்ளினாள். தானும் ஒரு காலை வெளியே வைத்தாள். அப்போதுதான் பின்னால் அது பளிச்சென்றது. ரோலர் மேசையின் பித்தளை வரம்புகளுக்கு நடுவே வெள்ளி. திரும்பிப் போய்க் குனிந்தாள். காளியாயி போட்டிருந்த மெட்டி. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நகம்.

இது இருந்தால் போதும். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கே பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம், பொலிசுக்குப் போகலாம், இனி யாரும் கொழும்புக்கு ஓடிவிட்டாள் என்று சொல்ல முடியாது. கையை உள்ளே விட்டாள். வழுக்கியது. இன்னும் கொஞ்சம் உள்ளே. எட்டிவிட்டது.

வாசலின் இரும்புக் கதவு தானாக இழுபட்டு மூடியது.

ரோலர் சுற்றியது.

முதலில் விரல்கள். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். தன் கைதான் என்று புரிவதற்குள் மணிக்கட்டு. பித்தளை வரம்புகள் தோலை உரித்துக்கொண்டு ஏறின. முழங்கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது. அலறினாள். தோள் இழுபட்டது. மறுகையால் சுவிட்சைத் தேடினாள். தொட்டாள். அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

பச்சைச் சாறு வழியும் குழாயில் சிவப்பு வழிந்தது. மேலிருந்து அமுக்கும் மூடி மெதுவாக இறங்கி அவள் முதுகில் உட்கார்ந்தது. விலா ஒன்று உள்ளே போனது. கதவுக்கு அந்தப் பக்கம் பூரணி இரண்டு கையாலும் அடித்தாள். "அக்கா! அக்கா!"

நாற்பத்தெட்டு. தன்னுடைய எடையும் அதுதான்.

பனி விலகியிருந்தது. மேலே கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய காலி நாற்காலி, அவளுடைய திரை. நீலம் சரிந்தது. கோட்டைக் கடந்தது. சிவப்பு கீழே, கீழே விரிந்தது.

நாற்காலி பக்கத்தில் முத்துலிங்கம் நின்றார். கீழே பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். ஒரு விரலால் ஒரு எண்ணைத் தட்டினார்.

சிவப்பு மறைந்தது. கோடு நேராகச் சைபரில் நின்றது.

ரோலர் சுற்றிக்கொண்டிருந்தது.