சொன்ன பேச்சு

கணவனின் விரலில் மாட்டிய கிளிப் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். மலையில் இவ்வளவு உயரத்தில் யாருக்கும் அந்த எண் வராது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் அந்தக் கிளிப் அவளுக்கே எண்பத்தொன்றுதான் காட்டியிருந்தது. கணவனுக்குச் சற்று முன்புவரை எழுபதைத் தாண்டவில்லை. ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிப் பனிமூட்டத்துக்குள் போனான், வந்தான். இப்போது கடற்கரையில் காற்று வாங்குகிறவனின் எண்.

“பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்ல,” என்றான்.

இதைத்தானே ஏற ஆரம்பித்ததிலிருந்து சொல்கிறான். ஊரில் அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் போகச் சொல்லி அடுத்தவர்களிடம் கத்துகிறவன், தனக்கென்று வந்தால் பிரேக் இல்லாத வண்டி. மருந்துக்கடை நடத்தும் அவள், புறப்படும் முன்பே படித்துப் படித்துச் சொன்னாள். ஒரே நாளில் ரொம்ப ஏறக் கூடாது, நடுவில் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும், தலைவலி வந்தால் அதற்குமேல் ஓரடிகூட ஏறக் கூடாது, வலி கூடினால் உடனே இறங்க வேண்டும். மாத்திரை விற்கிறவள் கண்ணுக்கு எல்லாருமே நோயாளிதான் என்று சிரித்தான். இன்று ஓய்வு என்று வழிகாட்டி சொல்லியும், மற்றவர்களைக் கீழ் முகாமில் விட்டுவிட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று இவளையும் இழுத்துக்கொண்டு இந்தக் கல்குடிசை வரை ஏறிவிட்டான். நேற்றிரவு தூக்கம் வரவில்லையென்று அவளுக்குத் தெரியாமல் தூக்க மாத்திரை வேறு. திணறுகிற மூச்சை அது இன்னும் அமுக்கும் என்று சுவரிடம் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும்.

குடிசைக்குள் வந்ததுமே அவனுக்கு இருமல். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இருட்டுவதற்குள் கீழே இறக்காவிட்டால் ஆள் மிஞ்ச மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சினாள், திட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றவன், ஒன்றுக்கென்று எழுந்து வெளியே போனான்.

திரும்பி வந்தவனிடம் இப்போது இருமல் இல்லை. கொதிக்கிற சத்தமும் இல்லை. மண்ணெண்ணெய் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் அடைத்துக் கிடந்த அந்தச் சின்ன அறையில், தகரக் கூரை காற்றுக்குத் தடதடக்க, பலகையில் சாய்ந்து சுகமாக உட்கார்ந்திருந்தான். அப்படியானால் கிளம்பலாமே என்றாள். சொல்லும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. போகலாம் போகலாம் என்று அவன் பதில் சொன்னான். அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.

வெளியே யாரோ இருமினார்கள்.

நுரைத்துக்கொண்டு வரும் அந்த இருமலைச் சற்று முன்புவரை இதே அறையில் கேட்டவள் அவள்.

“காத்து,” என்றான் அவன். அவள் கேட்பதற்கு முன்பே.

“ஏங்க, வெளியில யாரோ இருக்காங்க.”

“மூளை வீங்கினா இல்லாததெல்லாம் கேக்கும், எரிச்சலா வரும், கூட இருக்கிறவங்களையே நம்ப முடியாதுன்னு நீதானே சொன்ன? இங்க எரிச்சல் யாருக்கு? எனக்கா, உனக்கா?”

சொன்னவள் அவள்தான். அவளுக்குத் தலை வலித்தது. காலையிலிருந்தே வலித்தது. இவனைப் பார்த்துக்கொள்வதில் தன்னைப் பார்த்துக்கொள்ள மறந்துவிட்டோமோ என்று தோன்றியது. எழுந்தாள். தரையில் இரண்டு கற்கள் சேரும் கோட்டின்மேல், குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நடந்தாள். மூளை வீங்கியவர்களால் அப்படி நடக்க முடியாது, தள்ளாடுவார்கள். அவள் தள்ளாடவில்லை. திரும்பி நடந்தாள். அப்போதும் இல்லை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். குறுக்கே பேசவில்லை. கேலி செய்யவில்லை. பொறுமையாகப் பார்த்தான்.

அவள் புருஷனுக்குப் பொறுமை ஏது?

மறுபடி இருமல். இப்போது கொஞ்சம் தள்ளி. போய்க்கொண்டிருக்கிறது.

கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாள் பனியில் இறுகியிருந்தது. உடைந்துவிடுமளவு இழுத்தாள். அவன் தடுக்கவில்லை.

வெள்ளை. முகத்தில் ஊசியாகக் காற்று. பிறகு மூட்டம் கொஞ்சம் விலகியது.

அவள் கணவன் பாதையில் நின்றான். குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. உதடு நீலம். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. அவன் கை ஒரு பெண்ணின் தோள்மேல் கிடந்தது.

அந்தப் பெண்மேல், இவள் போட்டிருந்த அதே சிவப்பு ஜாக்கெட். அதே பின்னல்.

“ஏங்க!” என்று கத்தினாள். “கீழ போங்க! கீழ!”

அவன் திரும்பிப் பார்த்தான். கதவில் நிற்கும் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். முகம் வெளிறியது. பக்கத்தில் இருந்தவளிடம் குழந்தை மாதிரி ஏதோ கேட்டான்.

“அங்க யாருமில்லங்க,” என்றாள் அந்தப் பெண், இவளுடைய குரலிலேயே. “உங்களுக்கு மூளை வீங்குது, அதான். மேல போய்ப் படுத்துக்கலாம், வாங்க.”

அவன் தலையாட்டினான்.

கதவில் நின்றவள் அவனிடம் ஓடப் பார்த்தாள். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. கனமான கை. பிடரிக்குப் பக்கத்தில் வாய். மூச்சு இல்லை.

“கதவச் சாத்து. குளிருது.”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் கணவன் மறுபேச்சில்லாமல் அவள் குரல் சொன்னதைக் கேட்டு, ஒவ்வோர் அடியாக, மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தான்.