அரசரின் கை

காலையில் சவரப் பெட்டியோடு அரண்மனைக்குள் நுழைந்தேன். இறந்துபோன அரசருக்குக் கடைசிச் சவரம். முப்பது வருஷம் அந்த முகத்தை மழித்தவன் நான்.

தொட்டால் காய்ச்சலை இறக்கும் கை அவருக்கு. ஊரே அந்தக் கையைக் கொண்டாடியது. அவருடைய இரண்டு மகன்களில் இளையவருக்கு மாதம் ஒரு காய்ச்சல் வரும், பாதி நடிப்பு. அரசர் தெரிந்தும் தெரியாதவர்போல அவர் கையைப் பிடித்துக்கொண்டே கிடப்பார். மூத்தவருக்கோ ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வாய்க்கால், வரி, காவல் என்று நாட்டையே அவர்தான் சுமந்தார். அரசர் அவர் கையைப் பிடித்து நான் பார்த்ததே கிடையாது.

அடக்கம்வரை அரசரின் கையை மகன்கள் மாறி மாறிப் பிடித்திருக்க வேண்டும். அந்த வம்சத்து வழக்கம் அது. மூத்தவர் முதல் நாள் மாலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்க வாடிய பூவும் மெழுகும் கலந்த வாடை.

நான் நுரை போட்டுக்கொண்டிருந்தபோது இளையவர் அழுது வீங்கிய முகத்தோடு வந்தார்.

"நீ கொஞ்சம் படுண்ணா. நான் பிடிச்சுக்கிறேன்."

மூத்தவர் மனமில்லாமல் எழுந்தார். இளையவர் அரசரின் கைக்குள் தன் கையை வைத்தார்.

விரல்கள் மூடிக்கொண்டன.

"அண்ணா... அப்பா பிடிக்கிறாரு."

மூத்தவர் முகத்தில் பயமே இல்லை. பொறாமை. அப்பட்டமான பொறாமை.

"இவ்வளவு நேரம் நான் பிடிச்சிருந்தேனே," என்றார். "எனக்கு ஏன் மூடல?"

"விட மாட்டேங்கிறாரு! குளிருதுண்ணா!"

இளையவரின் நகங்கள் நீலமாயின. நீலம் முழங்கைவரை ஏறியது. நான் அலறினேன். மூத்தவர் பாய்ந்து வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தம்பியைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தேன். ஆனால் தம்பி அப்படியே கட்டிலோரம் சரிந்ததை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கையை அங்கே திணித்தார்.

"என்னைப் பிடிங்கப்பா. நானும் உங்க பிள்ளைதானே?"

செத்த விரல்கள் அந்தக் கையை மெல்ல ஒதுக்கி வைத்தன.

பிறகு மெத்தையைத் தடவித் தடவி இளையவரைத் தேடிப் பிடித்தன.

இளையவர் உயிர் அதற்குள் போயிருந்தது. அந்தப் பிடியைப் பிரிக்கவே முடியவில்லை. மாலையில் இரண்டு பேரையும் ஒரே குழியில் அடக்கம் செய்தோம்.

இப்போது மூத்தவர்தான் அரசர். நல்ல அரசர் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் சவரத்துக்கு உட்காரும்போதெல்லாம் வலது கையை விரித்துவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

நேற்று அந்தக் கை எதையோ பற்றிக்கொண்டது. அவர் முகம் சின்னப்பிள்ளை முகமாக மாறியது.

"அப்பா!"

காதோரம் கத்தியோடு குனிந்திருந்த எனக்கும் பதில் கேட்டது. இளையவரின் குரல்.

"நான்தாண்ணா. அப்பா தூங்குறாரு. சத்தம் போடாம வா."

அரசரின் கண்ணீர் நுரையில் இறங்கியது. கத்தியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வெறும் காற்றிலிருந்து அதைப் பிரிக்க என்னால் முடியவில்லை.